கதையை முதலில் கையில் கொடுங்கள்: மிகைபுனைவு நாவல் வெளியிடுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பதிப்பாளர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் வணக்கம்.

தமிழில் மிகைபுனைவு (ஃபேன்டஸி) நாவல்கள் வரத் தொடங்கியிருப்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. மந்திர வாள், இணை உலகம், பேசும் காடு, பழைய மன்னர் காலத்தில் நடக்கும் மாயக்கதை எனப் பல வகையில் எழுதுகிறீர்கள். தருமபுரியில் நூலக வாசகர் வட்டம் ஒன்றில் பங்கெடுப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் இந்தக் கதைகளுக்கு ஆள் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் ஓசூரில் ஷிப்ட் முடித்து வரும் இளைஞர்கள் வரை, "மாயக்கதை ஏதாவது இருக்கா?" என்று கேட்டு வருகிறார்கள். நீங்கள் நடத்தும் போட்டிகளும் விடும் அறிவிப்புகளும் இவர்களிடம் வந்து சேர்வதில்லை. வந்து சேர்பவையும் புத்தகத்தைத் திறக்க வைப்பதில்லை.

போட்டியிலிருந்து தொடங்குகிறேன். "இந்தப் பதிவைப் பகிருங்கள், மூன்று நண்பர்களை டேக் செய்யுங்கள், எங்கள் பக்கத்தைப் பின்தொடருங்கள், குலுக்கலில் ஐந்து பேருக்குப் புத்தகம் இலவசம்." பெரும்பாலும் இதுதான் வாசகர் போட்டி என்று நடக்கிறது. இதில் கலந்துகொள்பவர் நாவலில் ஒரு வரிகூடப் படிக்க வேண்டியதில்லை. நாவலின் பெயரை எடுத்துவிட்டு அங்கே ஒரு செல்போன் உறையின் பெயரைப் போட்டாலும் போட்டி அப்படியே நடக்கும். வெற்றி பெற்ற ஐந்து பேரில் எத்தனை பேர் அந்த நாவலைப் படித்து முடித்தார்கள் என்று நீங்கள் யாரையாவது கேட்டதுண்டா? கேட்டுப் பாருங்கள். அடுத்த போட்டியை வேறு மாதிரி வைக்க அந்தப் பதிலே போதும்.

இன்னொரு வகை, "முன்பதிவு செய்பவர்களில் ஒருவருக்குக் குலுக்கல் முறையில் டேப்லெட்" என்பது. இதில் சட்டச் சிக்கலே இருக்கிறது. தமிழ்நாட்டில் பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம் என்று ஒன்று 1979 முதல் உள்ளது. பொருள் வாங்கியவர்களுக்குள் குலுக்கல் போட்டுப் பரிசு கொடுப்பதை அது தடுக்கிறது. டிவி விளம்பரத்தின் கடைசியில் "தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது" என்று சின்ன எழுத்தில் ஓடுவது இதனால்தான். ஆகவே பரிசை விற்பனையோடும் அதிர்ஷ்டத்தோடும் கட்டாதீர்கள். வாசிப்போடு கட்டுங்கள். சட்டத்துக்கும் அது நல்லது, நாவலுக்கும் நல்லது.

வாசிப்போடு கட்டிய போட்டி தமிழில் புதிதல்ல. 1947-இல் தொடங்கிய அம்புலிமாமாவை எங்கள் வீடுகளில் பெரியவர்களும் சேர்ந்து படித்தார்கள். அதில் இரண்டு படங்களைப் போட்டு, இரண்டுக்கும் பொருந்தும்படி வாசகம் எழுதி அனுப்பச் சொல்வார்கள். வாசகர் படத்தை உற்றுப் பார்க்க வேண்டும், ஒன்றோடொன்றைச் சேர்த்து யோசிக்க வேண்டும், அஞ்சலட்டையில் அடங்கும்படி எழுத வேண்டும். அதே இதழின் வேதாளக் கதைகளை நினைத்துப் பாருங்கள். கதை முடியும் இடத்தில் வேதாளம் விக்கிரமாதித்தனிடம் ஒரு கேள்வி கேட்கும். ராஜா பதில் சொல்வதற்கு முன்னால் பக்கத்தை மூடி வைத்துவிட்டு, "நீ சொல்லு பார்க்கலாம், யார் செஞ்சது சரி?" என்று வீட்டில் கேட்பார்கள். ஒரே கதையை வைத்து அண்ணன் தம்பிக்குள் வாக்குவாதம் நடக்கும். நம் மாயக்கதையின் வடிவத்துக்குள்ளேயே வாசகர் போட்டி இருந்திருக்கிறது. வெளியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து ஒட்ட வேண்டிய தேவையே இல்லை.

கேள்வி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எங்கள் ஊர்க் கதையிலிருந்தே எடுத்துக்காட்டு சொல்கிறேன். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த செய்தி புறநானூற்றின் 91-ஆம் பாடலில் வருகிறது. எட்டுவதற்கு அரிதான மலை உச்சியில் கிடைத்த கனி, உண்டவருக்குச் சாவு இல்லை. அந்தப் பலனைச் சொல்லாமலே அவன் ஔவையிடம் கொடுத்துவிட்டான். "நெல்லிக்கனி கொடுத்த மன்னன் யார்?" என்று கேட்டால் தருமபுரியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும், அதோடு பேச்சு முடிந்துவிடும். "பலனைச் சொல்லிக் கொடுத்திருந்தால் ஔவை வாங்கியிருப்பாரா? அவன் ஏன் மறைத்தான்?" என்று கேட்டால் ஒரு மாலை முழுக்கப் பேசலாம். அன்பு, ஏமாற்று, அரசின் கடமை, புலவரின் மதிப்பு எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் வந்துவிடும். உங்கள் நாவலில் வரும் மந்திரப் பொருளைப் பற்றியும் இப்படிக் கேளுங்கள். கதாநாயகியின் குதிரை என்ன நிறம் என்று கேட்பதில் யாருக்கும் ஒன்றும் கிடைக்காது.

மிகைபுனைவுக்கென்றே பொருந்தும் போட்டிகள் நிறைய இருக்கின்றன. நாவலில் சொல்லப்பட்டிருக்கும் தூரங்களையும் திசைகளையும் வைத்து அந்த உலகத்தின் வரைபடத்தை வரையச் சொல்லலாம். முதல் மூன்று அத்தியாயங்களை மட்டும் கொடுத்து, இந்த உலகில் மந்திரம் செய்பவன் அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது, அது பின்னால் யாரைத் தாக்கும் என்று ஊகிக்கச் சொல்லலாம். ஊகம் தவறாக இருந்தாலும், காரணம் நன்றாக இருந்தால் பரிசு கொடுங்கள். வெளிவந்த பிறகு, கதை தன் விதியைத் தானே எங்கே மீறியிருக்கிறது என்று கண்டுபிடிப்பவருக்கு ஒரு பரிசு வையுங்கள். மிகைபுனைவு வாசகர்களுக்கு இதில் அலாதிப் பிரியம். இரண்டாம் பாகம் எழுதும்போது அந்தக் கடிதங்கள் எழுத்தாளருக்கே உதவும்.

வெளிநாட்டிலும் வாசகரை நம்பி நடக்கும் வேலைகள் உண்டு. அறிவியல் புனைவுக்கும் மிகைபுனைவுக்கும் 1953 முதல் வழங்கப்படும் ஹியூகோ விருதை, உலக அறிவியல் புனைவு மாநாட்டின் உறுப்பினர்களான வாசகர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். இறுதிப் பட்டியலில் வந்த படைப்புகளில் பலவற்றை மின்நூலாகத் திரட்டி, வாக்களிப்பவர்களுக்கு முன்கூட்டியே கொடுத்துவிடும் வழக்கம் அங்கே வந்திருக்கிறது. படித்துவிட்டு வாக்குப் போடு என்பதுதான் அதன் பொருள். நம் பக்கத்தில் "உங்களுக்குப் பிடித்த நாவலுக்கு லைக் போடுங்கள்" என்று சொல்லும்போது, போட்டியில் இருக்கும் நாவல்களில் ஒன்றைக்கூட வாசகர் கையில் கொடுப்பதில்லை. அங்கே யாருக்கு நண்பர்கள் அதிகமோ அவருக்குத்தான் பரிசு போகும்.

இங்கே ஒரு வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். எங்கள் வட்டத்தில் ஒரு பிளஸ் ஒன் மாணவன் நன்றாக வரைவான். ஒரு பதிப்பகம் அறிவித்த போட்டிக்கு, அவர்கள் நாவலில் வரும் மலைக்கோட்டையை வரைந்து அனுப்பினான். பரிசு வேறொருவருக்குப் போனது, அதில் அவனுக்குக் குறை இல்லை. சில வாரங்கள் கழித்து அவன் படம் அந்த நாவலின் விளம்பரத்தில் வந்தது. அவன் பெயர் எங்கும் இல்லை. எழுதிக் கேட்டதற்கு, போட்டிக்கு வந்தவை எல்லாம் தங்களுக்குச் சொந்தம் என்று பதில் வந்தது. போட்டி விதிகளில் அப்படி ஒரு வரி இல்லவே இல்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி வரைந்தவனே உரிமையாளன். உரிமையை மாற்றித் தருவதென்றால் எழுத்தில் தர வேண்டும். அந்தப் பதிப்பகத்தின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. அவன் அதற்குப் பிறகு எந்தப் போட்டிக்கும் எதையும் அனுப்பவில்லை என்பதை மட்டும் நீங்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். வரும் படங்களையும் எழுத்துகளையும் என்ன செய்வீர்கள் என்று விதியில் எழுதுங்கள். பயன்படுத்தினால் பெயர் போடுங்கள், ஊர்ப் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். அப்புறம், பள்ளிப் பிள்ளைகளின் செல்போன் எண்ணை வாங்கி விளம்பரக் குழுவில் சேர்க்கும் பழக்கத்தை உடனே நிறுத்துங்கள். நூலக முகவரியோ பள்ளி முகவரியோ போதும்.

இனி அறிவிப்புக்கு வருகிறேன். இதில்தான் நான் அதிகம் சொல்ல நினைக்கிறேன்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கோடை வந்தால் ஊர் ஊராகப் பாரதம் நடக்கும். பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் தெருக்கூத்து, பல ஊர்களில் பதினெட்டு நாள். அதற்கு ஒரு நோட்டீஸ் அடிப்பார்கள். மஞ்சள் தாளிலோ ரோஸ் தாளிலோ, எந்தத் தேதியில் எந்தக் கதை என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். திரௌபதி திருமணம் ஒரு நாள், பகடை துகில் ஒரு நாள், அர்ச்சுனன் தபசு ஒரு நாள், அபிமன்யு சண்டை ஒரு நாள், கடைசியில் துரியோதனன் படுகளம். கூத்தாடும் குழுவின் பெயரும் அவர்கள் ஊரும் இருக்கும். அந்த நோட்டீஸைப் பார்த்துத்தான் பெங்களூரில் வேலை செய்பவர்கள் லீவு சொல்வார்கள். குழந்தை வரம் வேண்டுபவர்கள் அர்ச்சுனன் தபசு அன்று தவறாமல் வருவார்கள். தபசு மரத்தின் உச்சியிலிருந்து வீசும் எலுமிச்சம்பழத்துக்கு மடியேந்தி நிற்பார்கள். அத்தனை பேருக்கும் கதை ஏற்கெனவே தெரியும். படுகளத்தில் துரியோதனன் விழுவான் என்பதும் தெரியும். கதையைச் சொல்லிவிட்டால் கூட்டம் வராது என்று அந்த நோட்டீஸ் அடிப்பவர்கள் என்றைக்கும் பயந்ததில்லை. என்ன, எப்போது, எங்கே, யார் நடத்துகிறார்கள் என்று தெளிவாகச் சொல்கிறார்கள், ஜனம் வருகிறது.

உங்கள் நாவல் அறிவிப்பை எடுத்துப் பார்க்கிறேன். இருட்டான அட்டைப்படம், நடுவில் ஒரு கண்ணோ வாளோ, கீழே "விரைவில்" என்று ஒரு சொல். வாரக்கணக்கில் இதே படம் நாலு விதமாக வருகிறது. என்ன கதை என்று இல்லை. எத்தனை பக்கம், என்ன விலை என்று இல்லை. எந்த வயதுக்கு என்று இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வாங்கித் தரலாமா, இதில் கொலையும் சித்திரவதையும் எவ்வளவு இருக்கிறது என்று நூலகர் என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வது? முக்கியமாக, இது தனி நாவலா, தொடரின் முதல் பாகமா, மொத்தம் எத்தனை பாகம் என்று பெரும்பாலும் சொல்வதே இல்லை. மிகைபுனைவு படிப்பவருக்கு இதைவிடப் பெரிய கேள்வி கிடையாது. முதல் பாகத்தை வாங்கிப் படித்துவிட்டு இரண்டாம் பாகத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் அது வரவே வராது என்று தெரிந்துகொண்ட வாசகர் அடுத்த புதிய தொடரைத் தொடமாட்டார். எழுதி முடித்துவிட்டீர்களா, எழுதிக்கொண்டிருக்கிறீர்களா என்பதை நேராகச் சொல்லிவிடுங்கள். இரண்டாம் பாகம் இன்னும் எழுதப்படவில்லை என்றாலும் சொல்லுங்கள். அதற்காக வாசகர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இதை ஒழுங்காகச் செய்பவர்கள் தமிழிலேயே இருக்கிறார்கள். சிவகாசியிலிருந்து வரும் லயன், முத்து காமிக்ஸ்காரர்களைப் பாருங்கள். முத்து காமிக்ஸ் 1972-இலும் லயன் 1984-இலும் தொடங்கியவை. அடுத்த ஆண்டு என்னென்ன இதழ்கள் வரும் என்று முன்கூட்டியே அட்டவணை போட்டுச் சந்தா வாங்குகிறார்கள். வாசகர் கடிதத்துக்கு ஆசிரியரே பதில் சொல்கிறார். தாமதமானால் ஏன் தாமதம் என்று எழுதுகிறார். தருமபுரியில் இருப்பவரும் சென்னையில் இருப்பவரும் அவர்களுக்கு ஒரே மாதிரி சந்தாதாரர்கள்தான். இத்தனை ஆண்டுகள் வாசகர்கள் கூடவே வந்ததற்கு இந்தப் பழக்கம் ஒரு முக்கியக் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

2022 மார்ச்சில் ஓர் அமெரிக்க மிகைபுனைவு எழுத்தாளர், வெளியே சொல்லாமல் எழுதி முடித்த நான்கு நாவல்களை ஒரே நேரத்தில் அறிவித்து, வாசகர்களிடமே முன்பணம் கேட்டார். ஒரு மாதத்தில் 4 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. தொகையைப் பற்றிப் பேச நான் இதைச் சொல்லவில்லை, நம் சந்தை வேறு. அவர் அறிவித்தபோது நாவல்கள் எழுதி முடிக்கப்பட்டிருந்தன. பணம் திரட்டிய நாட்களிலேயே தொடக்க அத்தியாயங்களைப் படிக்கக் கொடுத்தார். அதற்கு முன் பல ஆண்டுகளாக, எந்த நாவல் எந்த நிலையில் இருக்கிறது என்று வாசகர்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்திருந்தார். இந்த மூன்றையும் செய்ய நமக்குக் கோடி தேவையில்லை.

எப்போது அறிவிக்கிறீர்கள் என்பதும் முக்கியம். சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில் நடப்பதால் டிசம்பர் கடைசியில் எல்லோரும் ஒன்றாக அறிவிக்கிறீர்கள். அந்த இரைச்சலில் ஒரு புதிய எழுத்தாளரின் முதல் நாவல் காணாமல் போகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை எங்கள் பிள்ளைகள் திருப்புதல் தேர்வு, செய்முறைத் தேர்வு, பொதுத் தேர்வு என்று இருப்பார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கான நாவலை அந்த மாதங்களில் வெளியிட்டுப் போட்டியும் அப்போதே வைத்தால் யார் கலந்துகொள்வது? ஏப்ரல் கடைசியில் அறிவியுங்கள், மே மாதம் முழுக்கப் படிக்கட்டும். இல்லையென்றால் செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறையை ஒட்டி வையுங்கள். மாவட்டப் புத்தகத் திருவிழாக்கள் இப்போது எல்லா ஊரிலும் நடக்கின்றன. எங்கள் திருவிழாவுக்கு வரும்போது, ஜனவரியில் விற்றது போக மிச்சம் இருப்பதை மட்டும் கொண்டுவராதீர்கள். ஒரே ஒரு நாவலையாவது தருமபுரியிலோ ஓசூரிலோ முதன்முதலாக வெளியிடுங்கள். எழுத்தாளர் ஒரு மாலை வந்து பிள்ளைகளோடு உட்காரட்டும்.

அனுப்பும் வழியையும் யோசியுங்கள். சித்தேரி மலையிலிருந்தோ தளிப் பக்கத்துக் கிராமத்திலிருந்தோ ஒரு பிள்ளை இன்ஸ்டாகிராமில் ரீல் போட்டுத்தான் போட்டியில் கலந்துகொள்ள வேண்டும் என்று வைக்காதீர்கள். சாதாரண உறையில் ஒரு தாள் எழுதி அனுப்பினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். பரிசுப் புத்தகம் அனுப்பும் செலவு கூடிவிட்டது என்பது எனக்குத் தெரியும். குறைந்த கட்டணத்தில் புத்தகம் அனுப்ப உதவிய பதிவுப் புத்தக அஞ்சலை அஞ்சல் துறை 2024 டிசம்பரில் நிறுத்தியது சிறு பதிப்பாளர்களுக்குப் பெரிய அடி. ஐந்து பேருக்குத் தனித்தனியாக அனுப்புவதற்குப் பதில், பத்துப் பிரதிகளை ஒரே கட்டாக ஒரு நூலகத்துக்கு அனுப்பலாம். செலவு குறையும், படிப்பவர்களும் கூடுவார்கள்.

நூலகத்தை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், முந்நூறு நானூறு ரூபாய் கொடுத்து நாவல் வாங்கும் நிலையில் எங்கள் வாசகர்களில் பலர் இல்லை. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம் என்று நம் மாநிலத்தில் கட்டமைப்பு இருக்கிறது, பல இடங்களில் வாசகர் வட்டமும் இருக்கிறது. நூலக ஆணை, அதாவது நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் அரசு ஆணை, கிடைக்குமா என்று மட்டும் அந்தக் கட்டடங்களைப் பார்க்கிறீர்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் ஆட்களையும் பாருங்கள். நூலகத்தில் படித்த பையன் நாளை சம்பாதிக்கும்போது உங்கள் தொடரின் ஐந்தாம் பாகத்தைக் காசு கொடுத்து வாங்குவான்.

இந்த மண்ணில் மிகைபுனைவுக்கு வேண்டியது எவ்வளவோ கிடக்கிறது என்பதையும் எழுத்தாளர்கள் கவனிக்க வேண்டும். தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பாருங்கள். ஆநிரை மீட்கப் போய் இறந்தவனுக்கு ஒரு கல், புலியோடு மோதியவனுக்கு ஒரு கல் என்று இந்தப் பகுதி முழுவதும் இருக்கின்றன. கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லச்சந்திரத்துக் குன்றில் பெருங்கற்காலக் கல்திட்டைகள், அதாவது கற்பலகைகளை நிறுத்தி மேலே கல்லால் மூடிய ஈமச்சின்னங்கள், வரிசையாக நிற்கின்றன. இப்படிப்பட்டவற்றைப் பாண்டவர் வீடு என்றும் குள்ளர் வீடு என்றும் ஜனங்கள் சொல்வார்கள். அதே மாவட்டத்தின் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் 4200 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று 2022-இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அந்த இரும்பை முதலில் உருக்கியவனை ஊரார் மந்திரவாதி என்று நினைத்திருப்பார்களா என்று ஒரு பிள்ளை எங்கள் வட்டத்தில் கேட்டாள். அதை ஒரு சிறுகதைப் போட்டியின் தலைப்பாக வைக்கலாம். ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுப் பள்ளியில் தமிழ் படிப்பவர்கள். அவர்கள் பாட்டிமார் சொல்லும் பேய்க்கதைகள் நம் அச்சில் இன்னும் வரவே இல்லை. எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்காமல் அவர்களிடம் கதை கேளுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்து நீங்கள் வெளியிடப் போகும் மிகைபுனைவு நாவலின் முதல் மூன்று அத்தியாயங்களை அச்சடித்து, வெளியீட்டுக்கு இரண்டு மாதம் முன்பே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மைய நூலகங்களுக்கும், அரூர், பென்னாகரம், பாலக்கோடு, ஓசூர், தேன்கனிக்கோட்டை, ஊத்தங்கரைக் கிளை நூலகங்களுக்கும் நூலகரிடம் பேசிவிட்டு அனுப்புங்கள். கூடவே ஒரு தாளில் பக்கம், விலை, வயது, மொத்தப் பாகம், வெளியாகும் தேதி, போட்டிக் கேள்வி, கடைசி நாள், நடுவர்களின் பெயர், முடிவு வரும் நாள் எல்லாம் இருக்கட்டும். அந்தத் தாளை நோட்டீஸ் பலகையில் ஒட்டுவது, பிள்ளைகளைக் கூட்டிப் படிக்க வைப்பது, விடைகளைச் சேர்த்து ஒரே கட்டாக உங்களுக்கு அனுப்புவது ஆகியவற்றை எங்களைப் போன்ற வாசகர் வட்டத்தினர் பார்த்துக்கொள்வோம். வரும் கோடை விடுமுறைக்கு முன்னால் ஒரு பதிப்பகமாவது இதைச் செய்து பார்க்கட்டும்.

இப்படிக்கு,
தருமபுரியிலிருந்து ஒரு நூலக வாசகர்